கழித்து எடுத்த எண்

எங்கள் டோக்கன் பதினான்கு, உள்ளே ஒன்பதுதான் போயிருக்கிறது, இவர் என்னடாவென்றால் "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போனை இங்கேயே பேசலாம். எதிரே உட்கார்ந்திருக்கிற பெரியவர் வந்ததிலிருந்து மாட்டு வியாபாரத்தை ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருக்கிறார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்ன வெளியே போய்ப் பேச வேண்டிய போன். வெளியே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா, படியிறங்கினால் மருந்துக்கடை, அதை ஒட்டி ஜெராக்ஸ் கடை, அதை ஒட்டி புரோட்டாக்கடை. இருதய டாக்டர் வாசலில் புரோட்டாக்கடை போட்டவன் கெட்டிக்காரன், உள்ளே போகிறவனுக்கும் அவன்தான், வெளியே வருகிறவனுக்கும் அவன்தான். கொத்துகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. சால்னா வாசனைக்கு எனக்கே நாக்கு ஊறுகிறது, எட்டு மாதமாகச் சோற்றைத் தொடாத மனுஷனுக்கு எப்படி இருக்கும். தொடவில்லை என்று யார் சொன்னது, அவர்தான் சொல்கிறார். என் மடியில் இருக்கிற லேப் கவர் வேறு மாதிரி சொல்கிறது. திரும்பவும் பிரித்துப் பார்க்கிறேன், நேற்றிலிருந்து எத்தனை தடவை பிரித்தேனோ, மடிப்பே கிழியப்போகிறது. பால்வண்ணன், ஆண், வயது ஐம்பது. மொத்தக் கொழுப்பு முந்நூற்று நாற்பது. நல்லது ஐம்பத்திரண்டு. கெட்டது இருநூற்று முப்பது. ட்ரைகிளிசரைடு இருநூற்றுத் தொண்ணூறு. இந்தக் கடைசி எண்தான் என் வயிற்றெரிச்சல். மற்றதெல்லாம் ஏறும் இறங்கும், அதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று எங்கள் குழுவில் முதல் நாளே பாடம் சொல்லிவிட்டார்கள். ட்ரைகிளிசரைடை மட்டும் பார், மாவும் சீனியும் தின்றால் அது ஏறும், தின்னாவிட்டால் இறங்கும், அது பொய் சொல்லாது.

குழுவுக்குப் பெயர் கொழுப்பே தோழன். வாட்ஸ்அப்பில் இருக்கிறது. சோறு, இட்லி, தோசை, சீனி எதுவும் கிடையாது, முட்டை, கறி, பனீர், வெண்ணெய், நெய், ஒரு கை பாதாம், இவ்வளவுதான் சாப்பாடு, பேலியோ என்று பெயர். அதில் இவர் இல்லை, நான்தான் இருக்கிறேன், சாப்பிடுவது அவர், குழுவில் இருப்பது நான். ரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாரும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுகிற படம் அனுப்புவார்கள், சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகிழ்நன் ஜி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவார். பேலியோ தொடங்கி மூன்றாம் மாதம் இவருடைய ரிப்போர்ட்டைப் போட்டேன். ட்ரைகிளிசரைடு தொண்ணூறு. கைதட்டல் கொட்டியது, தங்கச்சி உங்கள் சமையலுக்குக் கிடைத்த மார்க் இது என்று மகிழ்நன் ஜி எழுதினார், நான் அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் காட்டினேன். நேற்று இந்த ரிப்போர்ட்டைப் போட்டேன். ஒரு கைதட்டலும் இல்லை. வெகுநேரம் கழித்து மகிழ்நன் ஜி எழுதுகிறார், "பேலியோவில் இருக்கிறவருக்கு 290 வரவே வராது. வெளியில் சாப்பிடுகிறார். வீட்டில் விசாரிக்கவும்." வீட்டில் விசாரிக்கவும்! ஏதோ ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்புகிற மாதிரி. முந்நூறு பேர் பார்க்கிற இடத்தில். அவமானத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆனால் விசாரணை அந்த நிமிஷமே எனக்குள் ஆரம்பித்துவிட்டது, அதுதான் என் சுபாவம். இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர், பரீட்சை ஹாலில் எவள் இடது கையால் பேப்பரை மறைக்கிறாளோ அவளிடம் ஒன்றும் இருக்காது, எவள் ஃபேனைப் பார்த்து யோசிக்கிறாளோ அவள் மடியில்தான் பிட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் லேபைத்தான் சந்தேகப்பட்டேன். ஊசி குத்தின பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே குத்தினாளாம், டியூபை மாற்றி வைத்திருந்தால்? ஆனால் கெட்ட கொழுப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்கிடப்பட்டது என்று போட்டிருந்தது. அப்படியானால் அதை யாரும் அளக்கவில்லை, கழித்து எடுத்திருக்கிறார்கள். எப்படி என்று போனில் தேடினேன். மொத்தத்திலிருந்து நல்லதைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி, மிச்சம் கெட்டது. இருநூற்றுத் தொண்ணூறை ஐந்தால் வகுத்தால் ஐம்பத்தெட்டு. முந்நூற்று நாற்பதில் ஐம்பத்திரண்டு போக இருநூற்று எண்பத்தெட்டு, அதில் ஐம்பத்தெட்டு போக இருநூற்று முப்பது. சரியாக இருந்தது. விடை சரியாக இருந்தால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும், லேபை விட்டுவிட்டேன். லேப் இல்லையென்றால் இவர்தான்.

டோக்கன் பத்து போகிறது. இவரை இன்னும் காணோம். சுவரில் இருக்கிற கடிகாரத்தில் ஏதோ மாத்திரையின் பெயர், காலண்டரிலும் அதே பெயர். மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருகிற டாக்டர், வந்தவர்களுக்கெல்லாம் அந்த மாத்திரையைத்தான் எழுதுவார் போலிருக்கிறது, டாக்டர்கள் கொழுப்பைக் காட்டிப் பயமுறுத்துவார்கள் என்று குழுவில் சொன்னதில் தப்பே இல்லை. குழு சொல்வதை நம்பினால் டாக்டரைச் சந்தேகப்பட வேண்டும், டாக்டரை நம்பினால் குழுவை, இரண்டு பேரையும் நம்பினால் இவரை. யாரையும் சந்தேகப்படாமல் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லை. பக்கத்தில் ஒரு அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறாள், பார்க்கப் பார்க்க எனக்கே நெஞ்சில் ஏதோ செய்கிறது. பெரியத்தான் இப்படித் தடவக்கூட இல்லை. இவருடைய அண்ணன், ஐம்பத்தோரு வயசு, ஒரு மாத்திரை கிடையாது, ஒரு ஊசி கிடையாது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியில் அப்படியே உட்கார்ந்தார். குழாயை மூடவில்லையே மனுஷன், தண்ணியை இப்படித் திறந்து போட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று அவர் சம்சாரம், எங்கள் அக்கா, திட்டிக்கொண்டே போய்ப் பார்த்திருக்கிறாள். அதை அக்கா இன்னும் சொல்லி அழுகிறாள், கடைசியாக அவர் காதில் விழுந்தது என் வசவுதான் என்று. அன்றைக்கு இவர் தொண்ணூற்றாறு கிலோ. அண்ணன் கன்னம், அண்ணன் தொப்பை, பின்னாலிருந்து பார்த்தால் அண்ணனேதான். பதினாறாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் அரிசி டின்னை மூடினேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை, நீ என்ன வைக்கிறியோ அதைத் திங்கேன் என்றார். இவருக்கு அது பெரிய வார்த்தை. லாரி புக்கிங் ஆபீசில் மேனேஜர், டிரைவர்களோடு சேர்ந்து போகிற ஊரிலெல்லாம் எந்த ஓட்டலில் எது நன்றாயிருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஆள். அந்த ஆள் முட்டையையும் பனீரையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனார். தாலியை வைத்துக்கொண்டு பயந்து பயந்து நான் கட்டிக்கொடுத்த டப்பா. அதை ஆபீசில் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் புரோட்டா தின்றாரா?

அத்தாட்சி இல்லாமல் நான் யாரையும் பிடித்ததில்லை. முதல் அத்தாட்சி சோம்பு. இரண்டு மாதமாக இவருடைய சட்டைப் பையில் சோம்பு கிடக்கிறது, துவைக்கப் போடும்போது பையைத் திருப்பினால் உதிர்கிறது. சோம்பு எங்கே கொடுப்பார்கள், ஓட்டலில் பில்லோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். முட்டை தின்றவன் எதற்குச் சோம்பு மெல்ல வேண்டும். இரண்டாவது, ராத்திரி தட்டை வைத்தால் பசிக்கல என்கிறார். முன்னெல்லாம் வீட்டுப்படி ஏறும்போதே என்ன இருக்கு என்று கேட்பவர், இப்போது பாதி ஆம்லெட்டைத் தள்ளிவைக்கிறார். வயிறு நிறைந்த மனுஷன்தானே தள்ளிவைப்பான். மூன்றாவது, சந்தோஷமாக இருக்கிறார். காரணமில்லாமல். பதினைந்து கிலோ குறைந்த சந்தோஷம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன், பழைய பேண்டை இழுத்துக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். ஒருவேளை வேறு யாராவது சமைத்துப் போடுகிறார்களோ என்று கூட நேற்று ராத்திரி ஒரு எண்ணம், சீ, அந்த அளவுக்குப் போகாதே செண்பகம், ஆனால் போய்விட்டது, போன எண்ணத்தைக் கூப்பிட முடியவில்லை. ஆபீசில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், சாத்தூர்க்காரி, அவள் கொண்டுவருகிற காராச்சேவு பற்றி இவர் ஒரு நாள் சொன்னார். சேவு என்றால் கடலை மாவு. அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பரிசோதனை அன்றைக்கு நான் என்ன குறை வைத்தேன். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்தாயிற்று, காலையில் வெறும் வயிறு, நானே பக்கத்தில் நின்று பட்டர் டீயைக் குடிக்க வைத்து, ஸ்வெட்டர் போட்டுவிட்டு அனுப்பினேன். ஒரு பாதாம் கூடக் கொடுக்கவில்லை. என் பக்கம் அவ்வளவு சுத்தம். தப்பு எங்கேயாவது நடந்திருந்தால் அது என் வாசலுக்கு வெளியேதான் நடந்திருக்க வேண்டும்.

இதோ வருகிறார். உதட்டைத் துடைத்துக்கொண்டே வருகிறார், பார்த்தாயா. பக்கத்தில் உட்கார்ந்ததும் சோம்பு வாசனை. "யார் போன்ல?" "லோடு ஒண்ணு தூத்துக்குடில நிக்கி, டிரைவர் புலம்புதான்." "அதுக்கு இவ்வளவு நேரமா?" "நீ ஏன் இப்பிடிப் பாக்க?" "எப்பிடிப் பாக்கேன்?" "பேப்பர் திருத்துற மாதிரி." எதிரில் இருந்த பெரியவர் மாட்டை விட்டுவிட்டு எங்களைக் கவனிக்க ஆரம்பித்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது கேட்டால் சண்டையாகும், டாக்டர் முன்னால் கேட்கலாம், டாக்டரே கேட்பார், வெளியில் சாப்பிடுதீங்களா என்று கேட்பார், அப்போது முகத்தைப் பார்த்தால் போதும். ஃபேனைப் பார்த்தார் என்றால் முடிந்தது. ஆனால் அகப்பட்டுக்கொண்டால் நான் என்ன செய்வேன், அதை யோசிக்கவில்லை. கத்துவேன். அழுவேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார வைப்பேன். அப்புறம் அவர் நிறுத்திவிடுவார், தொண்ணூறுக்கு இறங்கிவிடும், கைதட்டுவார்கள். யோசித்துப் பார்த்தால் அகப்படுவது நல்லதுதான். ஒரு தப்பு இருந்தால் அதைத் திருத்திவிடலாம். இந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, இவர் முழங்கை என் முழங்கையில் பட்டதைக்கூட நான் தள்ளவில்லை. "பால்வண்ணன் யாரு, பதினாலு" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் நான் நினைத்த மாதிரி இல்லை, சின்ன வயசு, மேஜையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று பிரித்தபடி கிடக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டை. பதினைந்து கிலோ குறைந்திருக்கிறேன் என்று இவர் சொன்னதும் எப்படி என்று கேட்டார், நான் சொன்னேன், சொன்ன விதத்திலேயே டீச்சரா என்று கேட்டுவிட்டார். பேலியோ என்றதும் திட்டுவார் என்று தயாராக இருந்தேன், திட்டவில்லை, சுகர் நல்லா இருக்கு, பிரஷரும் சரியா இருக்கு என்றார். "இந்த ட்ரைகிளிசரைடுதான் இடிக்குது. வெளியில ஏதும் சாப்பிடுதீங்களா சார்?" நான் இவர் முகத்தையே பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இவளுக்குத் தெரியாம ஒரு பருக்க கூட உள்ள போனதில்ல டாக்டர்." டாக்டர் சிரித்தார். "டெஸ்டுக்குப் போன அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?" "ஒண்ணுமே இல்ல, வெறும் வயிறு" என்றேன் நான் முந்திக்கொண்டு. "பட்டர் டீ மட்டும்" என்றார் இவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுல என்ன போடுவீங்க டீச்சர்?" பால் விடாத கட்டன் டீ, ரெண்டு பெரிய கரண்டி வெண்ணெய், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், நுரை வர அடிக்கணும் என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போனேன். "அதைக் குடிச்சிட்டு எவ்வளவு நேரத்துல ரத்தம் குடுத்தாரு?" "லேபுல கூட்டம், ரெண்டு மணி நேரம் ஆச்சு" என்றார் இவர். "டீச்சர், அது சாப்பாடு. அம்பது கிராம் கொழுப்ப உள்ள விட்டுட்டு ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு பாத்தா, குடிச்சதுதான் தெரியும்." எனக்குக் காதெல்லாம் சூடானது. அதைக் குடித்தால் விரதம் கலையாது, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குழுவில் எழுதியிருந்தது, நானே பத்துப் பேருக்கு எழுதியிருக்கிறேன். எனக்கும் அது சாப்பாடாகவே தெரியவில்லை, டம்ளரில் இருந்ததால் டீ என்று இருந்துவிட்டேன். மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போன அன்றைக்கு வீட்டில் வெண்ணெய் இல்லை, ஒன்றுமில்லாமல் போகணுமா என்று இவர் முனகிக்கொண்டே போனார், அன்றைக்குத் தொண்ணூறு. அப்போ இவர் தின்னவில்லை. ஒரு பருக்கை கூடத் தின்னவில்லை. சாத்தூர்க்காரி சேவும் தின்னவில்லை. இவர் கையை அங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு கூட வந்துவிட்டது.

கணக்கு சரியாக இருந்தது, கணக்குக்குக் கொடுக்கப்பட்ட எண்தான் தப்பு. எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். டாக்டர் இவரிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், எத்தனை வயசில, சிகரெட் உண்டா, அப்பா எப்படி. இவர் குழாயடியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே அந்தத் தப்பான எண்ணை எடுத்துவிட்டு அங்கே தொண்ணூறைப் போட்டேன், பழக்கம், தப்பைக் கண்டுபிடித்தால் திரும்பப் போட்டுப் பார்க்காமல் எனக்கு விட முடியாது. தொண்ணூறை ஐந்தால் வகுத்தால் பதினெட்டு. முந்நூற்று நாற்பதில் ஐம்பத்திரண்டு போக இருநூற்று எண்பத்தெட்டு, அதில் பதினெட்டுதான் போக வேண்டும், ஐம்பத்தெட்டு இல்லை. இருநூற்று எழுபது. இன்னொரு தடவை போட்டேன். இருநூற்று எழுபதுதான். மொத்தம் அப்படியே நிற்கிறது, இவர் குற்றவாளி இல்லை என்று அந்தப் பக்கம் நான் அழித்த நாற்பது இந்தப் பக்கம் கெட்ட கொழுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. "டாக்டர்," என்றேன், "ட்ரைகிளிசரைடு குறைஞ்சா கெட்ட கொழுப்பு கூடுமா?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கூடலாம் டீச்சர். அதனாலதான் திரும்ப எடுக்கச் சொல்லுதேன். ராத்திரியோட சரி, காலைல தண்ணி மட்டும். கெட்ட கொழுப்பக் கழிச்சுப் போடாம நேரா அளக்கச் சொல்லி எழுதியிருக்கேன். இந்த இருநூத்தி முப்பதே அதிகம். சிலபேருக்கு இந்தச் சாப்பாட்டுல இது ரொம்பவே ஏறும். அண்ணனுக்கு அப்பிடி ஆயிருக்கதால சாதாரணமா விட முடியாது. அதுவரைக்கும் வெண்ணெயும் நெய்யும் நிறுத்துங்க. ரிசல்ட்டப் பாத்துட்டு மாத்திரை வேணுமான்னு பேசுவோம்." கெட்டதைப் பார்க்காதே, பயப்படாதே என்று குழுவில் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் அது எவ்வளவு என்றுகூட எனக்கு ஞாபகமில்லை, தொண்ணூறுக்குக் கைதட்டு வாங்குவதிலேயே இருந்துவிட்டேன்.

வெளியே வந்தாயிற்று. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார், முகமெல்லாம் சிரிப்பு, வழக்கில் ஜெயித்தவர் மாதிரி. "இப்ப நம்புதியா? நேத்துலருந்து நீ பார்த்த பார்வைக்கு நான் என்னத்தத் திருடினேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு." நான் விடவில்லை, கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. "அப்ப அந்தச் சோம்பு?" இவர் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், "இந்தச் சாப்பாடு ஆரம்பிச்சதுலருந்து வாய் ஒரு மாதிரி நாறுது. ஒரு நா ராத்திரி நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு படுத்துக்கிட்ட. அதான்." எனக்கு அந்த ராத்திரி ஞாபகமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் திரும்பியிருப்பேன். அதற்கு இந்த மனுஷன் இரண்டு மாதமாகச் சோம்பு மென்றுகொண்டிருக்கிறார், பசிக்காவிட்டாலும் பாதி ஆம்லெட்டைத் தின்றிருக்கிறார், நான் வைத்ததை மட்டுமே தின்றிருக்கிறார், தினம் ஒரு டம்ளர் வெண்ணெயை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடித்திருக்கிறார். இவர் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திட்டியிருப்பேன், நிறுத்தியிருப்பார். இப்போது இந்த இருநூற்று எழுபதுக்கு யாரைத் திட்டுவது, அது முழுக்க என் கையால் போனது. பின்னால் ஏறி உட்காருகிறேன். புரோட்டாக்கடைக்காரன் கல்லில் எண்ணெயை ஊற்றுகிறான், இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏங்க," என்கிறேன், "இந்த எட்டு மாசத்துல எனக்குத் தெரியாம ஒரே ஒரு நா, ஒரு புரோட்டாவாது தின்னிருக்கக் கூடாதா?" இவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார், நான் கேலி பண்ணுவதாக நினைத்துக்கொண்டு. "தின்னா நீ விட்டிருப்பியாக்கும்" என்று வண்டியை உதைக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, நடுத்தெருவில் வெட்கத்தை விட்டு இவர் முதுகில் காதை வைத்துக்கொள்கிறேன். இன்ஜின் சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்கிறேன். "எதுக்கு?" "சும்மா, ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க."